அரை அங்குலக் காம்பு

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து உருட்டும் ரோலர் நின்றுபோன வாரம், எங்கள் வீட்டில் அப்பாவைத் தவிர எல்லோரும் சாப்பிட்டோம். ரோலரின் பல்சக்கரம் உடைந்திருந்தது. புதிதாகப் பல் வெட்டலாமென்றால், பட்டறை மில்லிங் மெஷினின் கட்டர் மழுங்கியிருந்தது. கட்டரின் காம்பைக் கவ்விப் பிடிக்கும் கொலட்டிலும் விரிசல். பட்டறை பாஸ் வேலையை விட்டுப் போயிருந்ததால், இரண்டையும் தேர்ந்து வாங்கும் பொறுப்பு கையாளாக இருந்த அப்பாவின் தலையில் விழுந்தது. சரியாக அமைந்தால் இனி அப்பாதான் பாஸ். பிசகினால் பழையபடி மலையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்க வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அட்டனுக்குப் பஸ் ஏறினோம். எனக்குச் செருப்பு வாங்க வேண்டியிருந்ததால் அம்மாவும் வந்தாள்.

பழைய மெஷின் சாமான் கடையில் முதலாளி ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். எல்லாம் ஒரே கிரீஸ். அளவு எழுத்துகள் அழிந்திருந்தன. அப்பா நகத்தால் கூர் பார்த்து ஒரு கட்டரைத் தேர்ந்து, அங்கேயே எடுத்த அரை அங்குலக் கொலட்டுக்குள் விட்டார். லேசாக ஆடியது. இறுக்கினால் சரியாகிவிடும் என்றார்.

அம்மா, நாங்கள் கொண்டுபோயிருந்த பழைய கட்டரை ஒரு கையிலும் புதியதை மறுகையிலும் எடுத்து, தெருவைப் பார்த்தபடியே காம்புகளைக் கொழுந்து பறித்துப் பழகிய விரலால் உருட்டினாள். வெளியார் முன்னால் அப்பாவை அவள் மறுத்துப் பேசமாட்டாள். அதற்குத்தான் நான் இருந்தேனே.

“பாப்பா, அப்பாகிட்ட சொல்லு. புதுசு கொஞ்சம் மெல்லிசா இருக்கு.”

நான் கடை முழுக்கக் கேட்கச் சொன்னேன். அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது.

“இது என்ன கொழுந்தா, கைய வச்சு சொல்ல?”

முதலாளி சிரித்துக்கொண்டே அளந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவைக் காட்டி, “தங்கச்சி சொல்றது சரிதாங்க. இது அங்குலம் இல்ல, மில்லிமீட்டர் சரக்கு. உள்ள வழுக்கிச் சுத்தும், வெட்டுற பல்லெல்லாம் பாழாப்போகும்.”

அதன்பின் அப்பா எடுத்த ஒவ்வொரு கட்டரையும் அம்மா பக்கம் நகர்த்தினார். நான்காவதை அவள் திருப்பித் தரவில்லை. கட்டரும் கொலட்டும் சரியாக அமைந்த சந்தோஷத்தில் என் செருப்பை இருவருமே மறந்துபோனார்கள்.

ரோலர் ஓடியது. அப்பா பாஸ் ஆனார். அவருக்குக் கண்ணிலேயே அளவுகோல் இருக்கிறது என்று எங்கள் லயத்து வீடுகளெல்லாம் பேச்சு. அதை அதிகம் பரப்பியவள் நான்தான். அம்மா கேட்டுச் சிரிப்பாள்.

மறுவருஷம் இன்னொரு கட்டர் வாங்க வேண்டி வந்தது. அப்பா அம்மாவைப் பார்த்து, “நீயும் கிளம்பு, அட்டனுக்கு” என்றார். அவளுக்குச் சேலை எடுக்கத்தான் என்று எனக்கு ஒரே பொறாமை. அம்மா தண்ணீர் கொட்டும் பீலியடியில் நின்று, கொழுந்துக் கறை போக விரல்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சேலை எடுக்கப் போகிறவள் விரலுக்கு எதற்கு இவ்வளவு பாடுபடுகிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.