குன்னூர்ப் பூங்காவும் என் நாற்றங்கால் புத்தியும்

உலக யுத்தம் முடிந்த மறு கோடையில் நாங்கள் குன்னூருக்குப் போனோம். என் கணவரின் அக்காவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அரியலூரில் ரயிலேறும்போதே எனக்குப் படபடப்பு. மலையைப் பார்க்கப் போகும் சந்தோஷம் பாதி. மீதி, மகளைப் பற்றியது. அவளுக்குப் பதினாறு மாதம் முடிந்தும் நடை வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கையை எடுத்தால் உட்கார்ந்துவிடுவாள். "எந்நேரமும் இடுப்புலயே வச்சிருந்தா எப்படி நடப்பா?" என்று மாமியார் கேட்டிருந்தார். அது உண்மையாக இருந்துவிடுமோ என்பதுதான் என் பயம். கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சிறுவாச்சூருக்குப் போய் அம்மனிடம் வேண்டிக்கொண்டும் வந்திருந்தேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே அண்ணி எங்களைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். துரைமார் பங்களாக்களுக்கு நடுவே மலை மேல் போகிற சாலை. சிவப்பு ஓட்டுக் கூரைகள், புகைபோக்கிகள், தலைவாரிவிட்டாற்போல் வெட்டிய வேலிச் செடிகள். நான் முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே நடந்தேன். நம்மை உள்ளே விடுவார்களா என்று மூன்று முறை கேட்டுவிட்டேன்.

"சர்க்கார் தோட்டம்மா, எல்லாரும் போலாம். நீ என்னமோ கலெக்டர் வூட்டுக்குப் பொண்ணு கேக்கப் போற மாரி நடுங்குற," என்றார் அண்ணி.

வாசலைத் தாண்டியதும் நடுக்கம் போன இடம் தெரியவில்லை. விக்டோரியா ராணி காலத்துத் தோட்டமாம். சாலையிலிருந்து கீழே படிப்படியாக இறங்கிக்கொண்டே போனது. நாலு பேர் கைகோத்தாலும் அடங்காத மரங்கள், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பெரணிகள், பேரே தெரியாத பூக்கள். அரியலூரின் சுண்ணாம்புக் கல்லையும் செம்மண்ணையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எதை முதலில் பார்ப்பதென்று தெரியவில்லை. "இங்க பாருங்க! ஐயோ, அங்க பாருங்க!" என்று கத்தினேன்.

"மெதுவாடி, பூவுக்குக் காது வலிக்கப் போவுது," என்றார் என் கணவர்.

கீழே, குளத்துக்கு இந்தப் பக்கம் பெரிய புல்வெளி ஒன்று இருந்தது. நான் பிறந்தது நெல் விளையும் தா.பழூர்ப் பக்கம். ஒரே மட்டமாக, இளம்பச்சையாக, இடைவெளியில்லாமல் நின்றால் எங்களுக்கு அது நாற்றங்கால்தான். "நாத்துல கால வைக்காதே" என்ற அதட்டலைக் கேட்டே வளர்ந்தவள் நான். என்னையறியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓரமாகப் பதித்திருந்த கல்வரிசையின் மேல் வரப்பில் போவதுபோல் நடந்தேன்.

அண்ணிக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "டேய் தம்பி, உன் பொண்டாட்டி மடை தொறக்கப் போறா பாரு!"

"வெறும் புல்லுதான், வா," என்று சொல்லி என் கணவர் மகளை வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கினார்.

"சாக்ஸக் கழட்டாதீங்க, ஈரமா இருக்கு, சளி புடிச்சுக்கும்," என்றேன். அதற்குள் கழற்றிவிட்டிருந்தார்.

அவள் அதுவரை புல்லை மிதித்ததில்லை. பனியீரம் பட்டதும் முகத்தைச் சுளித்து ஒரு காலைத் தூக்கினாள். அதை வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினாள். அவர் பிடியை விட்டார். வழக்கம்போல் உட்காரப் போனவள், ஈரப்புல் தொடையில் குத்தியதும் வெடுக்கென்று நிமிர்ந்துவிட்டாள். பிடிக்கச் சுவரில்லை, உட்காரவும் வழியில்லை. என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

வேறெந்த இடமாக இருந்தாலும் ஓடிப்போய்த் தூக்கியிருப்பேன். அங்கே என் கால் எழுந்ததே தவிர அந்தப் பச்சையின் மேல் இறங்கவில்லை. கல்லின் மேல் நின்றபடியே இரண்டு கைகளையும் நீட்டினேன். அம்மா ஏன் வரவில்லை என்பதுபோல் ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவளே வந்தாள். சுடுமணலில் போகிறவளைப் போல முழங்காலை உயர உயரத் தூக்கிவைத்து வந்து, என் காலில் மோதிக் கட்டிக்கொண்டாள்.

நான் போட்ட கூச்சலில் தோட்டக்காரர் ஒருவர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். பாம்பு என்று நினைத்தாராம்.

"நாலு அடி!" என்றார் என் கணவர்.

"அஞ்சுங்க."

"கடைசில விழுந்ததையும் சேத்துக்கிறியா?"

"விழலைங்க, என்னையப் புடிச்சா!"

"இன்னொரு தரம் வுட்டுப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போவுது," என்றார் அண்ணி. விட்டுப் பார்த்தோம். மகள் காலை மடக்கிக்கொண்டு என் கழுத்தைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றாள்.

அன்று மாலையே என் அம்மாவுக்குக் கார்டு எழுதினேன். ஐந்து அடி நடந்தாள் என்றுதான் முதலில் எழுதினேன். பொய் சொன்னதாகிவிடுமோ என்று அதை அடித்துவிட்டு நான்கு என்று திருத்தினேன். தபால் பெட்டிக்குள் கார்டு விழுந்த சத்தம் கேட்டதும், ஐந்துதான் என்று தோன்றியது.