ஸ்லைடு மாற்றிய வாரம்

ஜெட்டு என்று அவருக்குப் பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும், வேகத்தை மனதில் கொண்டு வைக்கவில்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற சின்னப் பித்தளைத் துண்டுக்கு ஜெட் என்று பெயர். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். மற்றபடி அந்த வட்டாரத்தில் அவரைவிட மெதுவான மனிதர் கிடையாது. வண்டியை விட்டுவிட்டு "எப்ப வரட்டும்?" என்று கேட்டால் "வண்டி சொல்லும்" என்பார். வண்டி பெரும்பாலும் அடுத்த மாதம்தான் வாய் திறக்கும்.

அவருடைய ஷெட்டுக்கு வருவதெல்லாம் வயதான மோட்டார் சைக்கிள்கள். செய்த கம்பெனி மூடி, கம்பெனி இருந்த இடத்தில் வேறு கட்டடம் எழும்பி, அந்தக் கட்டடமும் பழசாகிவிட்ட வண்டிகள். பாகம் கிடைக்காது. வேறு எதற்கோ செய்ததை வாங்கி, ராவி, தேய்த்து, வாஷர் கொடுத்துப் பொருத்த வேண்டும். அதில் அவர் கை பேசும். ஆனால் அவருடைய சொந்த வண்டி மட்டும் இருமிக்கொண்டே இருந்தது.

ஆக்சிலரேட்டரைத் திருகினால் கார்புரேட்டருக்குள் ஓர் உருளை மேலேறி இறங்கும், ஸ்லைடு என்பார்கள். அவர் வண்டியில் அந்த ஸ்லைடும் அது ஓடுகிற துளையும் ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்து, நடுவே இடைவெளி விழுந்துவிட்டது. அந்தச் சந்தில் வேண்டாத காற்று புகுந்துவிடும். ஆகவே வண்டி நின்ற இடத்தில் சீராக ஓடாது. கடகடவென்று தானாக வேகம் கூடும், உடனே உயிர் போகிற மாதிரி இறங்கும். தெருமுனையில் திரும்பும்போது அணைந்துவிடாமலிருக்க ஆக்சிலரேட்டரை இரண்டு தடவை உறுமவிட்டுத்தான் அவர் உள்ளே வருவார். கல்யாணமான புதிதிலிருந்து அப்படித்தான்.

"ஊர்ல இருக்குற கார்புரேட்டருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறே. உன் வண்டி மட்டும் ஏன்யா காசநோய் வந்த மாதிரி வருது?" என்று பக்கத்துப் பட்டறையில் இரும்பு கடைகிற லேத்துக்காரர் கேட்பார்.

"அதுக்கு என்ன, ஓடுதுல்ல?"

"நானும்தான் ஓடுறேன், வீட்டுக்காரி துரத்துனா."

அந்த இருமல் ஜெட்டுவின் மனைவிக்கு மணி அடித்த மாதிரி. முனையில் இரண்டு உறுமல் கேட்டதும், கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டுக் கதவைத் திறப்பாள். "வந்துட்டீங்களா?" என்பாள். வந்து நிற்கிற ஆளைப் பார்த்து வந்துவிட்டாயா என்று கேட்பதில் என்ன இருக்கிறது என்று ஜெட்டு ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. பதில்கூடச் சொல்லமாட்டார்.

அவளுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் அடுப்பு, அப்புறம் மனிதர்கள். கூட வந்து இருக்கும் சொந்தத் தங்கையை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். "போன ஜென்மத்துப் பாவம், இந்த ஜென்மத்துல டீச்சர் ஆயிட்டேன்" என்று தங்கை சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வருவாள். மனைவி ஜெட்டுவைக் கூடத்தில் பார்த்தால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "யாரைப் பாக்கணும்?" என்று மரியாதையாகக் கேட்பாள்.

ஆனால் சாயங்காலம் முனையில் வண்டி இருமினால் எழுந்துவிடுவாள். கதவைத் திறப்பாள். "வந்துட்டீங்களா? ஏன் இவ்ளோ நேரம்?" அந்தக் கண்ணில் அவர் இருப்பார். செருப்பைக் கழற்றும் வரை இருப்பார். சில நாள் கைகழுவித் துடைக்கும் வரைகூட. அப்புறம் விளக்கணைத்த மாதிரி முகம் மாறிவிடும்.

இதைக் கண்டுபிடித்த பிறகு ஜெட்டு செய்த காரியம் அவர் வயதுக்குப் பொருத்தமானதல்ல. விடுமுறை நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிவிட்டு மறுபடி வீட்டுக்கு வருவார். கதவு திறக்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிளம்புவார்.

"மாமா, இன்னிக்கு எத்தனாவது ஷிப்டு?" என்பாள் மச்சினி. "பாவம், உங்க மொதலாளி ரொம்ப மோசமான ஆளு."

பதில் சொல்லாத அந்த மனிதர் இப்போது ஒவ்வொரு தடவையும் சொன்னார்: "வந்துட்டேன்மா."

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் வண்டி அணைய ஆரம்பித்தது. இருமல் முற்றி, முனைக்கு முன்பே மூச்சு நின்றுவிடும். உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். கதவை மச்சினி திறந்தாள். உள்ளிருந்து மனைவி, "டீச்சர், யாரு அது? அவர் இல்லாத நேரத்துல யாரையும் உள்ள விடாதீங்க" என்றாள். அடுத்த நாளும் அதேதான். ஜெட்டு தன் வீட்டுக்குள் அவராக நுழைய இருந்த வழி அது ஒன்றுதான். அது பாதி வழியில் செத்துக்கொண்டிருந்தது.

ஆகவே, எத்தனையோ வருஷம் செய்யாத வேலையைச் செய்தார். கார்புரேட்டரைக் கழற்றி, லேத்துக்காரரிடம் கொடுத்துத் துளையை வட்டமாகப் பெரிதாக்கி, அதற்கேற்ற புது ஸ்லைடு கடைந்து வாங்கினார். எண்ணெய் தடவி விட்டால் தன் எடையிலேயே நிதானமாக இறங்கியது, தண்ணீரில் காலை வைக்கிற மாதிரி. பூட்டி, உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்தது. பெட்ரோல் டாங்க் மேல் ஒரு வாஷரைச் செங்குத்தாக நிறுத்தினார், விழவில்லை. லேத்துக்காரர் வந்து நின்று கேட்டார்.

"யோவ், இதுதான்யா வண்டி. கோயில் மணி மாதிரி இருக்கு."

ஜெட்டுவுக்கும் பெருமைதான். இனி அணையாது. முனையில் திரும்பினார். பழக்கத்தில் இரண்டு தடவை உறுமவும் விட்டார். எண்ணெய் பூசிய மாதிரி வழுவழுவென்று ஏறி இறங்கியது சத்தம். கதவு மூடியே இருந்தது. வாசலில் நின்று இன்னும் உறுமவிட்டார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் வீட்டுக் கதவைத் திறந்தது மச்சினி.

"நீங்களா? வேற யாரோன்னு நெனச்சேன். சத்தமே மாறிப் போச்சே மாமா."

உள்ளே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "யாரைப் பாக்கணும்?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் பழைய ஸ்லைடைத் தேடி எடுத்து மாட்டினார். பெரிதாக்கிய துளைக்குள் அது டம்ளரில் போட்ட ஸ்பூன் மாதிரி ஆடியது. இன்ஜின் பிடிக்கவே இல்லை. கடைந்தெடுத்த உலோகத்தை ஒட்டவைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. புது ஸ்லைடையே போட்டு, காற்றுத் திருகைத் தளர்த்திப் பார்த்தார். வண்டி இருமவில்லை, விக்கியது. காற்று கசியாமல் இணைப்பில் வைக்கிற கேஸ்கட்டைக் கீறிப் பார்த்தார், சீறியது. ஜெட்டைச் சின்னதாக்கினால் தும்மியது. சரிசெய்வதற்கு ஆயிரம் வழி தெரிந்த மனிதருக்குப் பழையபடி கெடுப்பதற்கு ஒரு வழி தெரியவில்லை.

லேத்துக்காரரிடம் போய் நின்றார். "புது ஸ்லைடைக் கொஞ்சம் தேய்ச்சுக் குடு. கோணலா. தேஞ்சு போன மாதிரி."

"என்னய்யா, புத்தி கித்தி பிசகிடுச்சா? நேத்துதான உருகி உருகிப் பாத்தே?"

"குடுன்னா குடேன்."

கொடுத்தார். அதை மாட்டியதும் வந்த இருமல் வேறு ஒரு வண்டியின் நோயாக இருந்தது. சாயங்காலம் கதவு திறக்கவில்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை.

"டாக்டர் முன்னாடியே சொன்னாருல்ல மாமா, படிப்படியா எறங்கும்னு" என்றாள் மச்சினி. "வண்டி மேல பழி போடாதீங்க. அது ஒரு இரும்பு."

அந்தப் பேச்சுதான் அவரைத் தூங்கவிடவில்லை. பழைய வண்டியில் கைவைக்கிறவன் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. இந்த வாரம் ஸ்லைடும் மாறியிருந்தது, அவளும் மாறியிருந்தாள். எதை எங்கே கழற்றிப் பார்ப்பது?

அப்போதுதான் ஒரு பல் டாக்டரின் வண்டி வந்தது. அதே கம்பெனி, ஏறக்குறைய அதே வயது. ஷெட் வாசலில் அது நின்று இருமியபோது ஜெட்டு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார். கடகடவென்று ஏறி, உயிர் போகிற மாதிரி இறங்கி, மறுபடி ஏறியது.

"ஸ்லைடு போயிருச்சுன்னு நெனைக்கிறேன்" என்றார் பல் டாக்டர். "சொத்தைப் பல் மாதிரி ஆடுது. மாத்திடுங்க."

"மாத்த வேணாம். என் கார்புரேட்டரை நீங்க எடுத்துக்குங்க, இதை நான் எடுத்துக்கிறேன். துளை புதுசா கடைஞ்சது, ஸ்லைடைத்தான் தேய்ச்சுட்டேன். புது ஸ்லைடு இன்னொண்ணு போட்டுத் தரேன்."

பல் டாக்டர் அவரையே பார்த்தார். "நல்லதைக் குடுத்துட்டுச் சொத்தையை வாங்கிக்கிறீங்க. நான் பாத்த வரைக்கும் உலகத்துல யாரும் இப்படிச் செய்யறதில்லையே."

"எனக்குப் பழகிப்போச்சு, சார்."

ஜெட்டுவின் சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டு வண்டியும் ஒரே நாளில் தயாராயின. சாயங்காலம் முனையில் திரும்பும்போது வண்டி இருமியது, இறங்கியது, அவர் இரண்டு தடவை உறுமவிட்டார்.

கதவு திறந்தது. அவளே திறந்தாள். கையில் பாதி மடித்த துண்டோடு வாசலில் நின்று வண்டியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அப்புறம் வண்டி மேல் இருந்தவரைப் பார்த்தாள்.

"அவர் எங்க?"

ஜெட்டு இன்ஜினை அணைத்தார்.

"இது அவர் வண்டி. நீங்க ஏன் ஓட்டிட்டு வர்றீங்க? அவருக்கு என்ன ஆச்சு?" குரல் உயர்ந்தது. துண்டு கீழே விழுந்தது. "டீச்சர்! டீச்சர்! இங்க வாங்களேன், வண்டி மட்டும் வந்திருக்கு. வேற யாரோ கொண்டாந்திருக்காங்க. அவருக்கு ஏதோ ஆயிடுச்சு. கேளுங்க டீச்சர், என்ன ஆச்சுன்னு கேளுங்க..."

மச்சினி ஓடிவந்து அக்காவைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அவள் கையை உதறிவிட்டு, படியிறங்கி வந்து ஜெட்டுவின் சட்டையைப் பிடித்தாள். அவர் சட்டையை அவள் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"சொல்லுங்க. அடிபட்டிருச்சா?"

"ஒண்ணும் ஆகலைம்மா" என்றார் ஜெட்டு. "நல்லா இருக்காரு. ஷெட்ல வேலை முடியலை. என்கிட்ட வண்டியைக் குடுத்து வீட்டுல சொல்லிட்டு வரச் சொன்னாரு."

"நிஜமா?"

"நிஜமா."

அவள் கை மெல்லத் தளர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மனுஷன் எப்பவும் இப்படித்தான். வேலைன்னு உக்காந்தா வீடு வாசல் ஞாபகம் இருக்காது. ஒரு வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லமாட்டாரு. நல்லவருதான், ஆனா..." என்று தொடங்கி, முன்பின் தெரியாதவர் முன்னால் புருஷனைக் குறை சொல்கிறோமே என்று நிறுத்திக்கொண்டாள். "உள்ள வந்து உக்காருங்க. தண்ணி கொண்டாரேன்."

ஜெட்டு கூடத்தில், விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எப்ப வருவாரு?"

"நேரம் ஆகும்மா."

"நான் முழிச்சிட்டுதான் இருப்பேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

அவள் ஜன்னலோரம் போய் நின்று தெருமுனையைப் பார்க்க ஆரம்பித்தாள். மச்சினி சுவரோரமாக வந்து, அக்காவுக்குக் கேட்காமல் குனிந்து சொன்னாள்: "நாளைக்கு வண்டியை ஷெட்லயே போட்டுட்டு நடந்து வாங்க மாமா."

"சரி" என்றார் ஜெட்டு. தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.