சாம்பிராணித் தட்டில் மீக்கடத்தி

எம்.எஸ்சி. கடைசி வருடத்தில் எனக்கும் என் நண்பனுக்கும் சேர்த்து ஒரே புராஜெக்ட்: உயர் வெப்பநிலை மீக்கடத்தி. நன்றாகக் குளிரவைத்தால் மின்சாரத்தைத் துளித் தடையும் இல்லாமல் விடுகிற பொருள். மைனஸ் நூற்றெண்பது டிகிரிக்கும் கீழே போனால்தான் வேலை செய்யும். இதில் எது ‘உயர்’ என்று கேட்டோம். பழைய மீக்கடத்திகளுக்கு இதைவிடப் பயங்கரக் குளிர் வேண்டுமாம். புராஜெக்ட் சார் சொன்னார், நம்பினோம்.

மூன்று பொடிகளைக் கலந்து, உலையில் சுட்டு, வில்லையாக அழுத்தி, மறுபடி சுட வேண்டும். கறுப்பாக வந்தால்தான் சரி; முதலில் செய்ததெல்லாம் பச்சை நிறத்தில் வந்து தொலைத்தது. ஒருவழியாகக் கன்னங்கரேலென்று ஒன்று வந்தது. திரவ நைட்ரஜனை ஊற்றி, மேலே குட்டிக் காந்தத்தை வைத்தோம். அந்தரத்தில் நின்றது! நண்பன் வில்லைக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தான். சட்டையைப் பிடித்து இழுத்து அவன் உதட்டைக் காப்பாற்றினேன்.

அது மழைக்காலம். ஈரம் பட்டால் வில்லை கெட்டுவிடும். ஆய்வகக் கூரையோ ஒழுகியது.

“எங்க வீட்ல வெச்சிக்கலாம் மச்சான்” என்றான் நண்பன். அவன் அப்பாவுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் செருப்புக்கடை. செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பாக்கெட்டுகள் வீட்டில் கூடை கூடையாக இருந்தன. ஒரு எவர்சில்வர் டப்பாவில் அவற்றை நிரப்பி, நடுவில் வில்லையை வைத்தோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேலையூரில் அவன் வீட்டுக்குப் போனோம். உள்ளே ‘ணங் ணங்’ என்று சத்தம். அவன் அம்மா இடிகல்லில் எதையோ இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாம்பிராணித் தட்டு. எவர்சில்வர் டப்பா திறந்து கிடந்தது.

“அம்மா!” என்று நண்பன் அலறினான்.

“ஏன்டா கத்தறே? என்ன கரி வாங்கி வெச்சிருக்கே? நெருப்புல போட்டு விசிறி விசிறிக் கையே போச்சு. பத்தவே இல்ல. நொறுக்கிப் போட்டாலாவது பத்துதான்னு பார்க்கறேன்.”

“அது கரி இல்லம்மா! ஹை டெம்பரேச்சர் சூப்பர்கண்டக்டர்!”

“நீயே ஹை டெம்பரேச்சர்னு சொல்றே. அப்புறம் நெருப்புல வெச்சா என்னவாம்?”

இடிகல்லில் இருந்த பொடியை நான் டப்பாவில் வழித்தெடுத்தேன். அது விஷம், இனி அந்த இடிகல்லைச் சமையலுக்குத் தொடக்கூடாது என்று நண்பன் சொன்னதும், அம்மா எங்கள் படிப்பை மொத்தமாகத் திட்ட ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை சாரிடம் பொடியைக் காட்டினோம். முகர்ந்து பார்த்தார். “மிளகு வாசனை வருதே?” நடந்ததைச் சொன்னோம். கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, “பொடியையும் அளந்து பாருங்க” என்றார்.

திரவ நைட்ரஜன், விந்தை உறையவைத்து மாடுகளுக்குச் சினை ஊசி போடும் இடத்தில்தான் கிடைக்கும். கேனோடு பஸ் ஏறினோம்.

“இன்னாபா கேன்ல? புகை வந்துகினு கீது!” என்றார் கண்டக்டர்.

“மாட்டு ஊசி போடற இடத்துல வாங்கினோம், அண்ணா.”

“அப்போ மாடு எங்க?”

கேனுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

பொடியைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, கம்பி இணைத்துக் குளிரவைத்தோம். அதே பொருள்தான். ஆனால் மின்தடை பூஜ்யத்துக்கு வரவே இல்லை. மீட்டரில் எண்கள் கூத்தாடின. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் மட்டும் குழாய்க்குள் பொடி விலகி ஓடியது; அதாவது ஒவ்வொரு துகளும் இன்னும் மீக்கடத்திதான்.

“நெரிசலான பஸ்ல பின்னாடி நிக்கறவர் காசு கைமாறிக் கைமாறி கண்டக்டர்கிட்ட போகுதில்ல?” என்றார் சார். “வில்லையில துகள்கள் அப்படி ஒட்டி நிக்குது. பொடியில ஒருத்தர் கை இன்னொருத்தருக்கு எட்டாது.”

பொடியை மீண்டும் அழுத்தி, ஆக்சிஜன் விட்டுச் சுட்டோம். மின்தடை பூஜ்யம். காந்தமும் மிதந்தது. மாதிரியின் வடிவம் மாறினால் குணம் எப்படி மாறுகிறது என்பதே புராஜெக்டாகிவிட்டது.

வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் சிடுமூஞ்சி என்று பேர் வாங்கியவர். “எதில் பொடித்தீர்கள்?” என்றார்.

“கையாலேயே சார்” என்றான் நண்பன், முகம் மாறாமல்.

அடுத்த கேள்விக்கு முன், மேசையில் நாங்கள் மிதக்கவிட்டிருந்த காந்தத்தை அவர் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது பம்பரமாகச் சுற்றியது. அவ்வளவுதான். மறுபடி சுண்டினார். நைட்ரஜன் தீரத் தீர ஊற்றச் சொன்னார். டீ வந்து ஆறியது. வெளியே அடுத்த மாணவன் வியர்த்துக்கொண்டு நின்றான். எங்களிடம் கடைசிவரை வேறெதுவும் கேட்கவே இல்லை.