மூன்று என்று சொன்னேன்

கம்பெனி பஸ் எதிரில் வந்தால் ஜன்னல்களில் ஒரு முகத்தைத் தேடுகிறேன். பார்த்துவிடக் கூடாதே என்றும் இருக்கிறது.

வடக்குப்பட்டில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் நடந்தது, கம்பெனி வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்கான பகல்நேரக் காப்பகம். உளவியல் முதுகலைக் கடைசி ஆண்டு புராஜெக்டுக்காக, வாரம் மூன்று நாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போவேன். குழந்தையின் மனதில் ஓடுவதைத் தாய் எவ்வளவு புரிந்துகொள்கிறாளோ, அவ்வளவுக்கு அவளிடம் குழந்தையின் ஒட்டுதல் உறுதியாகும் என்று படித்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேலை எளிது. ஷிஃப்ட் முடிந்து வரும் தாய் பத்து நிமிடம் குழந்தையோடு இருப்பாள். நான் கேட்டுக்கொண்டே தாளில் கோடு போடுவேன். "பால் குடி" என்றால் கோடு கிடையாது. "பயந்துட்டியா?", "அது வேணுமா உனக்கு?" என்று குழந்தையின் மனதைப் பற்றிப் பேசினால் ஒரு கோடு.

அங்கே வந்த ஓர் அக்காவுக்குக் கார் ஒயர் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். எட்டு மாதப் பெண் குழந்தை. பத்து நிமிடமும் அநேகமாக வாயே திறக்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். குழந்தை சிணுங்குமுன் மின்விசிறியைக் குறைத்தாள். கை நீட்டுமுன் கிலுகிலுப்பை பக்கத்தில் வந்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

கிளம்பும்போது கேட்டாள், "எனக்கு எத்தினி வந்துச்சு மேடம்?"

சொல்லியிருக்கவே கூடாது. மூன்று என்றேன். மற்றவர்களுக்கு இருபதுக்குக் கிட்டே என்றேன். அதோடு விட்டேனா? ஒட்டுதல், பயம், பிற்காலம் என்று படித்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டினேன்.

"அப்போ நான் ரிஜெக்ட்டா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் ஐடி கார்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். பயமா இருக்குதா, கோவமா இருக்குதா, அம்மாவைத் தேடினியா? கம்பெனி லைனில் டார்கெட் முடிக்கிற வேகம். கண் மட்டும் என் பேனா மேல். தலைக்கு மேல் விசிறி முழு வேகத்தில் சுற்றியது. காற்றில் முடி கண்ணில் விழ, குழந்தை கண்ணைக் கசக்கிக் கசக்கி, அவள் முகத்தைத் தேடி, கிடைக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. இருபத்தாறு கோடுகள் விழுந்திருந்தன.

தாளை மடித்துப் பையில் போட்டேன். இந்தக் கணக்கே தப்பு, நீங்க முன்னாடி இருந்த மாதிரியே இருங்கக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். என் மனசு நோகாமல் இருக்கத்தான் சொல்கிறீர்கள் என்றாள். படித்தவர்கள் பொய்யாகவா எழுதி வைத்திருப்பார்கள் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

அப்போது குழந்தை அழத் தொடங்கியது. அவள் தூக்கினாள், இறக்கினாள், முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இவ இப்போ இன்னா நெனைக்கிறான்னு நீங்களே சொல்லுங்க மேடம்."

எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கம் வருதுன்னு நினைக்கிறேன்."

உடனே குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்ட ஆரம்பித்தாள். தோளுக்கு மேலே குழந்தை துளித் தூக்கமும் இல்லாத கண்ணோடு என்னையே பார்த்தது.