லீவர் எந்தப் பக்கம்

எங்கள் சங்கத்துக்கு ஐம்பது வயது ஆகிறதாம். விழா மலர் போடப் போகிறார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டு, "கணக்கு எழுதுற கையால வரலாறையும் எழுதிடுங்க. நாலு பக்கம் போதும். சண்டை கிண்டை எதுவும் வேண்டாம்" என்றார். கட்டுமான இயந்திரம் செய்கிறவர்களின் சங்கம் இது. சண்டையை எடுத்துவிட்டால் அரைப் பக்கம்கூடத் தேறாது. இருந்தாலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வளர்ச்சி, ஒற்றுமை, தொலைநோக்கு என்று கேட்டதையெல்லாம் போட்டாயிற்று. இது அதில் சேராதது. எங்கள் அலுவலகத்தில் டைப் அடித்த அக்காவைப் பற்றியது.

முதலில் சங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மண் தோண்டும் வண்டி செய்கிற பெரிய கம்பெனிகள் இரண்டு. கலவை மிஷின், ரோலர், சாரத்து லிஃப்ட் என்று செய்கிற சின்னவை பத்துப் பன்னிரண்டு. பெரியவை இரண்டும் எலியும் பூனையும். இறக்குமதி வரியை எதிர்த்து மனுக் கொடுக்க ஒரு நாள் ஒரே காரில் போகவேண்டி வந்தது, அப்படித்தான் சங்கம் பிறந்தது. காரில் போகும்போதே முன் சீட்டில் யார் உட்காருவது என்று தகராறு. ஒருவர் தலைவரானால் மற்றவர் விலகிவிடுவார் என்பதால் தலைவர் நாற்காலி எப்போதும் ரோலர்க்காரருக்குத்தான். ரோலருக்கு முன்னால் போகவும் பின்னால் வரவும் தெரிந்தால் போதும். அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

இரண்டு கம்பெனி வண்டிகளுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. வண்டிக்கு ஒரு பெரிய கை, அதன் நுனியில் ஒரு சின்னக் கை, அதன் முனையில் பக்கெட். ஒரு கம்பெனி வண்டியில் பெரிய கையைத் தூக்கும் லீவர் ஆபரேட்டருக்கு வலப்பக்கம். இன்னொரு கம்பெனியில் அது இடப்பக்கம். நாங்கள் ஆபீசில் ஒரு முதலாளியை வலதுக்காரர் என்போம், மற்றவரை இடதுக்காரர் என்போம். ஒரு வண்டியில் பழகினவன் மற்றதில் ஏறினால் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. அவசரத்தில் கை பழைய இடத்துக்கே போகும். இதைச் சரிசெய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். லீவர் கமிட்டி என்று பெயர். இருபது வருஷத்துக்குக் கிட்ட ஜவ்வாய் இழுத்தார்கள்.

அந்தக் கமிட்டி ஆரம்பித்த சமயத்தில்தான் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். ஹார்டுவேர் கடைக்கு மேலே இரண்டு அறை எங்கள் ஆபீஸ். கீழே பைப் வெட்டுகிற சத்தம், மேலே அக்காவின் டைப்ரைட்டர் சத்தம். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஆனாலும் ஒரு நாள்கூட என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை, கணக்கு சார் என்பார். சம்பளம் சொற்பம். வேறு கம்பெனிகளில் கூப்பிட்டார்கள், போகவில்லை. கமிட்டி கூடுகிற நாளில் உடம்பு சரியில்லை என்று ஒரு தடவையும் லீவு எடுத்ததில்லை. பேசுகிறதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்வார். அந்தச் சண்டையை இவ்வளவு அக்கறையாய்க் கேட்கிறாரே, இந்த அம்மாவுக்கு என்ன பைத்தியமா என்று நினைத்திருக்கிறேன்.

காரணம் வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், வீட்டுக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார்.

அவர் வீட்டுக்காரர் ஆபரேட்டர். இடதுக்காரர் வண்டியில் தொழில் பழகினவர். ஒரு நாள் அவர் வண்டி ரிப்பேர். மேஸ்திரி வலதுக்காரர் வண்டியைக் கொடுத்து, குழாய் போடத் தோண்டச் சொன்னார். பள்ளத்துக்குள் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தது அக்காவின் கூடப்பிறந்த தம்பி. மச்சானோடு ஒரே இடத்தில் வேலை என்று ஆசைப்பட்டுச் சேர்ந்தவன். பள்ளத்தின் கரை சரிகிற மாதிரி இருந்தது. பக்கெட்டை மேலே தூக்கிவிடலாம் என்று இவர் இடது லீவரை இழுத்தார். அந்த வண்டியில் இடது லீவர் சின்னக் கைக்கு. பக்கெட் மேலே போகவில்லை. உள்பக்கமாக வாரிக்கொண்டு வந்தது. தம்பி அங்கேதான் குனிந்திருந்தான்.

விசாரணையில் ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். இவர் அதற்குப் பிறகு வண்டியில் ஏறவில்லை. ஒரு சிமெண்ட் கிடங்கில் காவல் வேலை.

"லீவர் மாறியிருந்துச்சுன்னு அவரு சொல்றாரு. மத்த ஆபரேட்டருங்க, சரியான பக்கம் வலதுதான், இவருதான் தப்பா பழகிட்டாருன்னு சொல்றாங்க. எனக்கு என்ன தெரியும், கணக்கு சார்? ரெண்டுல எது சரின்னு படிச்சவங்க உக்காந்து பேசுறாங்க. ஒரு நாள் சொல்லிடுவாங்க" என்றார் அக்கா. "சொன்னப்புறம் அவரு மேல தப்பா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சுடும்."

மழை விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். சுத்தமான சின்ன வீடு. வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார், கூட உட்காரவில்லை. அக்கா அவருக்குச் சட்டை தேய்த்து வைப்பார், காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கி வருவார், நேரத்துக்குத் தட்டில் சோறு போடுவார். ஒரு குறையும் சொல்ல முடியாது. முகம் கொடுத்துப் பேசுவது மட்டும் கிடையாது. வேண்டும், வேண்டாம், சிலிண்டர் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான். அந்த வீட்டில் அரை மணி நேரம் இருந்தேன், எனக்கே அலுத்துவிட்டது.

கமிட்டி கூடிக்கொண்டே இருந்தது. ஆபரேட்டர்களின் முழங்கையை அளந்தார்கள். வெளிநாட்டுக் கேட்லாக் வரவழைத்தார்கள். ஒரு பேராசிரியருக்குப் பணம் கொடுத்து ஆராயச் சொன்னார்கள், மேலும் ஆராய வேண்டும் என்று அவர் ஆராய்ந்து சொன்னார். வலதுக்காரர் போய் அவர் மகன் வந்து உட்கார்ந்தான். மகனும் வலதுதான் என்றான். அக்காவின் டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. தலை நரைத்தது. ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும், "இன்னைக்கும் முடியலை, கணக்கு சார்" என்பார். அந்தக் குரலைக் கேட்க எனக்குக் கோபமாக வரும். அவர் மேல் இல்லை, உள்ளே ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல்.

கடைசியில் பாதுகாப்பு, மனித உயிர் எதுவும் அவர்களை அசைக்கவில்லை. வண்டியை வாடகைக்கு விடுகிற முதலாளிகள் ஒன்றுசேர்ந்து, எல்லா வண்டியிலும் லீவர் ஒரே மாதிரி இருந்தால்தான் இனி வாங்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. வலது. ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் ஏகமனதாக என்று குறிப்பில் எழுதியிருந்தது. அந்தக் கூட்டம் முடிந்து வெளியே வந்த அக்கா, முகத்தைக் கழுவிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. வலது என்று ஆனதில் ஆள் இடிந்துபோய்விட்டார் என்று நினைத்து நான் எதுவும் கேட்கவில்லை.

புது முறையை அறிவிக்கக் கண்காட்சி மைதானத்தில் விழா. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அக்காவும்தான். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நின்றார். மேடையில் பெரிய பேனர்: இனி ஒரே முறை, சரியான முறை. ரோலர்க்காரர் மைக்கில் அதையே நாலு தடவை சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் அக்காவின் வீட்டுக்காரர் நேராக இடதுக்காரரின் புது வண்டியிடம் போனார். கயிறு கட்டி ஆள் நடமாட்டம் இல்லாமல் வைத்திருந்தார்கள்.

"ஒரு நிமிஷம் உக்காந்து பாக்கட்டுமா?" என்று கம்பெனி ஆபரேட்டரைக் கேட்டார்.

"ஏறுங்கண்ணே."

ஏறினார். உட்கார்ந்தார். பெரிய கையைத் தூக்க இடது லீவரை இழுத்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கை அங்கேதான் போயிற்று. பக்கெட் மேலே போகாமல் உள்பக்கமாக வந்தது.

"அது பழைய பழக்கம்ணே, மாத்தியாச்சு. இப்ப வலதுதான் சரி" என்றான் அந்த ஆபரேட்டர், நல்ல மனதோடுதான்.

அவர் லீவரை விட்டுவிட்டு இறங்கினார். அக்கா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது சங்கத்து நாற்காலிகளை ஏற்றிய வேனில் மூன்று பேரும் வந்தோம். அவர்கள் இருவரும் முன்னால், நான் சுருட்டிய பேனரை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். பாதி வழியில் அவர் வெளியே பார்த்தபடி சொன்னார்.

"அப்ப அன்னைக்கு வண்டி சரியாத்தான் இருந்திருக்கு. என் கைதான் தப்பு. பெரியவங்க இத்தனை வருஷம் யோசிச்சுச் சொல்லிட்டாங்க."

"யாரும் யோசிக்கலை" என்றார் அக்கா.

"என்னது?"

"யாரும் யோசிக்கலைங்க. சாப்பாடு ஆறிப்போகுதுன்னாங்க. பூவா தலையா போட்டுக்கலாம்னு தலைவர் காசை எடுத்தாரு. ரெண்டு முதலாளியில இவரு சுண்டினா அவரு ஒத்துக்கமாட்டாரு, அவரு சுண்டினா இவரு ஒத்துக்கமாட்டாரு. 'நீங்க சுண்டுங்கம்மா, உங்களுக்குத்தான் எந்தப் பக்கமும் கிடையாது'ன்னு எங்கிட்ட குடுத்துட்டாங்க."

"நீ சுண்டினியா?"

"சுண்டினேன். தலை விழுந்துச்சு. வலதுன்னு எழுதிட்டுச் சாப்பிடப் போயிட்டாங்க."

பின்னால் நாற்காலிகள் கடகடத்தன. எனக்கு அந்தப் பேனரை ஜன்னல் வழியே வீசி எறியலாம் போலிருந்தது.

"பூ விழுந்திருந்தா?" என்று கேட்டார் அவர்.

"பூ விழுந்திருந்தா உங்க கை சரி. அவ்வளவுதான்."

அவர் கொஞ்ச நேரம் தன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "லீவர் மாறியிருந்துச்சுன்னு விசாரணையில எவ்வளவோ சொன்னேன். ஒருத்தரும் நம்பலை." பிறகு மெதுவாக, "நீயும் நம்பலை."

"ஆமா, நம்பலை" என்றார் அக்கா. "எது சரின்னு அவங்க சொல்லட்டும், அப்புறம் உங்ககிட்ட பேசலாம்னு உக்காந்திருந்தேன். காசு கீழ விழுந்தப்பதான் தெரிஞ்சுது, அவங்களுக்கே தெரியாதுன்னு. அதுக்கப்புறமும் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்துட்டேன். இத்தனை வருஷமும் உங்களைக் குத்தவாளியா வச்சே சோறு போட்டுட்டேங்க."

"தெரியும்" என்றார் அவர். "தெரிஞ்சுதான் சாப்பிட்டேன்."

அக்கா முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதார். வேன் அவர்கள் தெருமுனையில் நின்றது. டிரைவர் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இறங்குங்க, வீடு வந்துடுச்சு" என்றார்.