மினாராவுக்கும் மேல்மாடிக்கும் நடுவே ஒரு ரேஞ்ச்ஃபைண்டர்

"ஆதம்ட தோணி இப்ப நிக்கிற இடத்துக்குப் போகாதீங்க" என்றதும், தோணிக்காரச் சம்மாட்டியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப என்ன, தோணி இல்லாத இடத்துக்கா போகச் சொல்றீங்க?"

"ஓம்" என்றேன்.

தொண்ணூறுகளில் ஒரு கச்சான் காலம். கரையிலிருந்து கடலுக்கு வீசும் அந்தக் காற்று, எஞ்சின் பழுதான தோணியை மருதமுனைக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதில் தனியாக இருந்தவன் ஆதம், என் மனைவி றஹ்மத்தின் தம்பி. பள்ளிவாசல் மினாராவில் ஏறினால் அவன் கம்பில் கொடியாக உயர்த்திக் கட்டிய வெள்ளைச் சாரன் தெரிந்தது. கடலில் தாழப் போகும் தோணிக்கு அது தெரியாது. போர்க்காலம், எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு வேறு. சம்மாட்டியாரிடம் இருந்தது நேரே போய்த் திரும்ப மட்டும். தேடித் திரிய வழியில்லை.

இளம் வயதில் நான் திருகோணமலையில், வெள்ளைக்காரரின் கருவிப் பட்டறையில் வேலை செய்தவன். போர்க்கப்பல் பீரங்கிக்குத் தூரம் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டரைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவேன். நீளக் குழாய், இரு நுனியிலும் கண்ணாடி. எதிரிக் கப்பலை இரு நுனியும் சற்று வேறு கோணத்தில் பார்க்கும். அந்த வித்தியாசத்தில் தூரம் வரும். அது மட்டும் போதாது. ஷெல் போய் விழுவதற்குள் கப்பல் நகர்ந்துவிடும். திரும்பத் திரும்ப அளந்து, அதன் போக்கையும் வேகத்தையும் பிடித்து, இனி எங்கே இருக்குமோ அங்கேதான் சுட வேண்டும்.

கரையில் குழாய்க்கு எங்கே போவது? ஒரு நுனிக்கு நான் மினாராவில் நின்றேன். மறு நுனிக்கு றஹ்மத், தெற்கே எங்கள் மகளின் வீட்டு மேல்மாடியில். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளின் பாகைமானிகளைப் பலகையில் அறைந்து, நடுவில் ஒரு நூலைக் கட்டி, அடிக்கோடு மற்றவர் நிற்கும் இடத்தை நோக்கும்படி வைத்துக்கொண்டோம். நான் துணியைத் தூக்கும்போது இருவரும் ஆதம் இருக்கும் திசைக்கு நூலை இழுத்துப் பிடித்து, அது தொடும் டிகிரியைப் பார்க்க வேண்டும்.

போகுமுன் அவள் அழுதாள். "எனக்கு இதெல்லாம் சரிவருமா?"

"தறியில இழை எண்ணுற கைதானே புள்ள. அதே மாதிரி கோட்டை எண்ணு."

அவள் எண்ணிய டிகிரியைச் சம்மாட்டியார் சைக்கிளில் கொண்டுவந்தார். மறந்துவிடும் என்ற பயத்தில், வழியில் ஸலாம் சொன்னவர்களுக்கும் டிகிரியையே பதிலாகச் சொன்னாராம்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி அளந்தோம். காற்று கிழக்கே தள்ள, நீரோட்டம் தெற்கே இழுத்தது. சம்மாட்டியார் போய்ச் சேரும் நேரத்தையும் கூட்டி, ஒன்றுமில்லாத கடலில் ஒரு புள்ளி வைத்தேன். பயமாகத்தான் இருந்தது. கப்பலில் முதல் ஷெல் தவறினால், அது விழுந்த இடத்தைப் பார்த்து அடுத்ததைத் திருத்துவார்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தோணி.

"அல்லாஹ்ட பேரால போறேன்" என்று திசைகாட்டியை மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டார் சம்மாட்டியார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு தோணிகளும் ஒரே கயிற்றில் வந்தன. றஹ்மத் முழங்கால் தண்ணீரில் ஓடிப்போய்த் தம்பியின் முதுகில் நாலு சாத்தினாள். பிறகு அவன் தலையைக் கட்டிக்கொண்டு, "என்னத்தையும் திண்டியாடா?" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அன்று சோறு போடும்போது கேட்டாள்: "இஞ்ச, அந்தக் கப்பல்லயும் இப்பிடித்தான் ஆளைத் தேடுவாங்களா?"

"ஓம். தேடுறது இப்பிடித்தான். ஆனா கூட்டிவர இல்ல, கொல்ல."

அகப்பை அப்படியே நின்றது. "குண்டு விழுந்த கப்பல்ல நிண்டவனுக்கும் என்னைப் போல ஒரு ராத்தா இருந்திருப்பாதானே."

பட்டறையில் அத்தனை வருடம் கண்ணாடி துடைத்தும் எனக்கு அந்த நினைப்பு வந்ததில்லை. கருவி வேலைக்கு வரும் பிள்ளைகளே, அளவு திருத்தமாக இருக்கட்டும். அளவெடுக்கும் தூரத்தில் நிற்பது யார் என்றும் ஒருமுறை கேளுங்கள்.