கால் நகராத வாசலில் எனக்குக் கிடைத்த பதில்

சென்ற ஆண்டு திருநீற்றுப் புதன் காலைத் திருப்பலியில் சாம்பல் பூச இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று பங்குத்தந்தைக்கு முன்னால், மற்றது எனக்கு முன்னால். என்னிடம் முதலில் வந்தவர் கைக்குழந்தையோடு ஒரு தாய். குழந்தையின் நெற்றியில் சிலுவை போடப் போன என் விரல் நடுங்கியது. சாம்பல் குழந்தையின் கண்ணில் விழுந்துவிட்டது. குழந்தை வீறிட்டு அழுதது. அந்தத் தாய் என்னை ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் பிள்ளையின் கண்ணைத் துடைத்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். ஆனால் அவருக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து வரிசைக்கு மாறினார்கள். யாரும் முறைக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மாறினார்கள். கடைசியில் சாம்பல் தட்டோடு நான் மட்டும் நின்றேன்.

அன்புக்குரிய இறைமக்களே, அந்த வரிசையில் நின்றவர்களைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் நானாக இருந்தாலும் மாறியிருப்பேன். அந்த நாளுக்குப் பிறகு ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் பங்குத்தந்தையாக இருந்துவிட்டு, இப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய கோவிலில் ஓய்வு பெற்ற குருவாகத் தங்கியிருக்கிறேன். எனக்குப் பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம் என்பார்கள். முதலில் வலது கையில் வந்தது. பிறகு காலுக்குப் போனது. பிறகு குரலைப் பிடித்தது.

என் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். விழித்ததும் மாத்திரை. அது வேலை செய்யும்வரை என்னால் எழுந்து உட்கார முடியாது. காலை ஷிப்டுக்குக் கம்பெனிச் சங்கு ஊதும்போது அங்கியின் பொத்தான்களைப் போட ஆரம்பிப்பேன். ஷிப்டுக்குப் போகிறவர்களின் சைக்கிளும் வண்டியும் எல்லாம் போய்த் தெரு அடங்கிவிடும். நான் இன்னும் நெஞ்சுப் பொத்தானில்தான் இருப்பேன். நாஷ்டாவுக்குச் சமையல்கார அம்மா இட்லியைப் பிசைந்து ஸ்பூன் போட்டுக் கொடுப்பார். பாதி சட்டையில்தான் விழும். இந்த நோயில் முகமும் இறுகிவிடும். நான் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு பார்ப்பேன், பிள்ளைகள் பயந்து ஒதுங்குவார்கள். பாவசங்கீர்த்தனத்தில், பாவத்தை அறிக்கையிட வருகிறவர்கள் நான் சொல்வது காதில் விழாமல், "இன்னா சாமி சொன்னீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

இதையெல்லாம் எல்லோரும் பார்த்தார்கள். ஒன்றை மட்டும் மறைத்து வைத்திருந்தேன். ஏதாவது ஒரு வாசலைத் தாண்டும்போது திடீரென்று என் இரண்டு காலும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனம் போ என்று சொல்லும், கால் போகாது. அப்போதெல்லாம் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு நிற்பேன். கால் எப்போது விடுகிறதோ அப்போது நடப்பேன். சாமியார் படத்துக்கு முன்னால் ஜெபிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அன்று திருப்பலி முடிந்து எல்லோரும் போன பிறகு, பீடத்துக்குப் பின்னால் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. "ஆண்டவரே, குணமாக்கும் குணமாக்கும் என்று கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது, உமக்கும் அலுத்திருக்கும். இனிமேல் அதைக் கேட்கமாட்டேன். ஒன்று மட்டும் சொல்லும். நான் இன்னும் குருவாக இருக்க வேண்டுமா? வேண்டுமென்றால், நான்தான் வேண்டும் என்று ஒரே ஒரு ஆளை அனுப்பும். இல்லையென்றால் நான் போய் ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம். ஜெபம் என்றுகூட சொல்ல முடியாது, கோபம்.

அன்றே பங்குத்தந்தையிடம், சென்னையில் வயதான குருக்கள் இருக்கும் இல்லத்தில் எனக்கு இடம் கேட்கச் சொன்னேன். அவர் என் மாணவன் வயதுக்காரர், நல்ல மனசு. "இப்ப எதுக்கு ஃபாதர் அவசரம்?" என்றார். "உயிர்ப்பு விழா முடிந்ததும் போய்விடுகிறேன்" என்றேன்.

தவக்காலம் நகர்ந்தது. கோவிலுக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஞானஸ்நானச் சான்றிதழுக்கு வந்தார்கள், புது வண்டி மந்திரிக்க வந்தார்கள். எல்லோரும் பங்குத்தந்தையைத்தான் கேட்டார்கள். குருத்து ஞாயிறும் போனது, உயிர்ப்பு விழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன். துணிகளை எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தேன்.

அடுத்த நாள் மதியம் ஒரு பெண் கம்பெனி யூனிஃபார்மோடு வந்தார். பெயர் ஸ்டெல்லா. வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று அவர் சொல்வதும், "நானே வரேம்மா" என்று பங்குத்தந்தை சொல்வதும் என் அறைக்குக் கேட்டது.

"கோச்சிக்காதீங்க ஃபாதர். நீங்க வேணாம். அந்தக் கை ஆடுற சாமியார அனுப்புங்க."

உண்மையைச் சொல்கிறேன், கேட்டதும் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆண்டவரிடம் நான் கேட்டது நினைவுக்கே வரவில்லை. வெளியே வந்து, என்னம்மா விஷயம் என்று விசாரித்தேன்.

"எங்க ஊட்டுக்காரருக்கும் இதே மாதிரிதான் சாமி ஆடுது. இரும்பு மில்லுல கிரேன் ஓட்டிக்கினு இருந்தாரு. கை நடுங்குறதப் பாத்துட்டு, குடிச்சிட்டு வரான்னு கேட்லயே நிறுத்தி எல்லாரு முன்னாடியும் ஊதச் சொன்னாங்க. அவரு அதத் தொட்டதே இல்ல சாமி. அதோட வேலைக்குப் போவல. டாக்டரு குடுத்த மாத்திரயும் போட மாட்றாரு. செவுத்தப் பாத்துப் படுத்துக்கினே கெடக்குறாரு. என்னாண்டயும் பேச்சு இல்ல. எப்ப இன்னா பண்ணிக்குவாரோன்னு வேலையில எனக்குக் கை ஓடல."

ஆட்டோவில் போனோம். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வழி நெடுக நின்றிருந்தன. அந்த நெரிசலில் ஊர்ந்து போகும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டேன். எத்தனை துன்பத்திலும் விசுவாசத்தை விடாத யோபுவைப் பற்றிச் சொல்லலாம், ஆண்டவரின் பாடுகளைப் பற்றிச் சொல்லலாம் என்று. மில்லுக்குப் பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். ஸ்டெல்லா என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, "இதான் சாமி ஊடு. உள்ள போங்க, நான் பால் வாங்கினு வந்துடறேன்" என்று கடைக்குப் போய்விட்டார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே பாயில் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர்தான் சவரி. ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் நிலைப்படிக்கு முன்னால் வந்தேன். கால் ஒட்டிக்கொண்டது.

எத்தனை முயன்றும் நகரவில்லை. கூப்பிடலாம் என்றால் குரல் எழும்பவில்லை. பார்ப்பதுபோல் பாவனை செய்ய அங்கே படமும் இல்லை. விழுந்துவிடாமல் கதவைப் பிடித்துக்கொண்டேன். என் கை நடுக்கத்தில் கதவுச் சங்கிலி கடகடவென்று ஆடியது. அந்தச் சத்தத்தில் அவர் திரும்பினார். என் கையைப் பார்த்தார். பிறகு என் பாதத்தைப் பார்த்தார்.

"இன்னா ஃபாதர், கால் ஒட்டிக்கிச்சா?"

சகோதர சகோதரிகளே, நான் எந்த மனிதரிடமும் சொல்லாத வார்த்தை அது. எனக்குள் மட்டும் சொல்லிக்கொண்ட வார்த்தை. அதை முன்பின் தெரியாத ஒருவர் சொல்லிவிட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

"இருங்க, இருங்க. இழுக்காதீங்க, உழுந்துடுவீங்க."

அவர் எழுந்தார். கையை ஊன்றி, முட்டி போட்டு, சுவரைப் பிடித்து, நான் எழுவதுபோலவே மெதுவாக எழுந்தார். வந்து என் கால்களுக்கு முன்னால் தன் பாதத்தைக் குறுக்கே வைத்தார். "என் காலத் தாண்டுங்க ஃபாதர். கீழ ஏதுனா ஒன்னு இருந்தா கால் தானா தூக்கும். எனக்கு ஸ்டெல்லா இப்படித்தான் வப்பா."

ஒருவர் காலைத் தாண்டுவது நமக்குப் பழக்கமில்லை. தயங்கினேன். "மிதிச்சாலும் பரவால்ல, தாண்டுங்க" என்றார். தாண்டினேன். கால் விட்டுவிட்டது. உள்ளே வந்துவிட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடுங்கினோம். யார் யாரைப் பிடித்திருக்கிறார் என்றே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பால் பாக்கெட்டோடு வந்த ஸ்டெல்லா அந்தச் சிரிப்பைக் கேட்டு வாசலிலேயே நின்று அழுதார்.

டீ போட்டு, பாதிப் பாதி டம்ளர்தான் ஊற்றிக் கொடுத்தார். அதிலும் சிந்தினோம். சவரி கேட்டார்: "எப்டி ஃபாதர் அத்தினி பேர் முன்னாடி நிக்கிறீங்க?"

யோபுவைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. "இனிமேல் நிக்கப் போறதில்லப்பா. நானும் ஓடிப்போகத்தான் இருக்கேன்" என்று சாம்பல் விழுந்த கதையைச் சொன்னேன். அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். பிறகு, "நான் போய்ச் சேந்துடலாம்னு இருந்தேன் ஃபாதர். இந்த வாரத்துலயே" என்றார்.

ஸ்டெல்லா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சவரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "சவரி, நாளைக்கும் வருவேன். இந்த வாசல்ல கால் ஒட்டிக்கும். நீ இல்லைன்னா என்னால உள்ள வர முடியாது. இருப்பியா?" என்றேன்.

அவர் நிலைப்படியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "வாங்க ஃபாதர். நான் இருக்கேன்."

நான் கேட்ட ஜெபம் திரும்பும் வழியில், ஆட்டோவில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நான்தான் வேண்டும் என்று ஒருவரை அனுப்பச் சொன்னேனே! என் பிரசங்கத்துக்காக, என் படிப்புக்காக, நீண்ட காலக் குருத்துவத்துக்காக யாராவது கேட்பார்கள் என்று நினைத்துக் காத்திருந்தேன். ஆண்டவர் இந்த நடுக்கத்துக்காகவே என்னை ஒருவர் கேட்கும்படி செய்தார். வெட்கப்பட்டு மறைத்த காலைத்தான் ஒரு உயிரைப் பிடித்து நிறுத்த எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் தினமும் போனேன். சவரியை ஸ்டெல்லாவும் நானும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மனதில் இருந்ததை டாக்டரிடம் அவரே வாய்விட்டுச் சொன்னார். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். உயிர்ப்பு விழா முடிந்ததும் பங்குத்தந்தையிடம், "அந்தச் சென்னை ரூமை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள்" என்றேன். "நான் இன்னும் கேக்கவே இல்ல ஃபாதர்" என்றார்.

எனக்குக் குணமாகவில்லை. சவரிக்கும் ஆகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். என் நோய் கூடியிருக்கிறது. இப்போது திருப்பலியில் திராட்சை இரசக் கிண்ணத்தைப் பங்குத்தந்தைதான் உயர்த்துகிறார். சவரியால் கிரேனுக்குத் திரும்ப முடியவில்லை. மச்சானுடைய பஞ்சர் கடையில் உட்காருகிறார். யாராவது, காலையிலேயே போட்டாச்சா என்று கேலி பேசினால், தனக்கு என்ன நோய் என்று பெயரோடு சத்தமாகச் சொல்கிறார். முடிகிற நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் பொன்னேரி, அத்திப்பட்டு பக்கம் இதே நோயில் கிடப்பவர்களைப் பார்க்கப் போகிறோம். ஜெபம் வேண்டும் என்றால் ஜெபிப்போம். வேண்டாம் என்றால் டீ குடித்துவிட்டு வருவோம். எங்களைப் பார்த்ததும் அவர்கள் தங்கள் கையைப் போர்வைக்குள் ஒளிப்பதில்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். இல்லை, அப்படிப் படுத்திருப்பவரை நினைத்து வேலையில் கை ஓடாமல் இருக்கலாம். தயவுசெய்து வாய் திறந்து சொல்லுங்கள். வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், கோவிலில் சொல்லுங்கள். ஆண்டவரிடம் கோபமாகவாவது கேளுங்கள். என் கோபத்தை அவர் ஜெபமாகவே எடுத்துக்கொண்டார், உங்களுடையதையும் எடுத்துக்கொள்வார்.

என்னால் பேனா பிடிக்க முடியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது ஸ்டெல்லாதான். நடுவில் எழுதுவதை நிறுத்திவிட்டு, "சாமி, எங்க ஊட்டுக்காரரு எங்கன்னு கேளுங்க" என்றார். கேட்டேன்.

"தெரியல சாமி. எங்கியோ வெளிய போயிருக்காரு. எனக்கு இப்ப பயமே இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காக ஆண்டவருக்கு நன்றி. ஆமென்.